பதில் வந்தால் பாஸ்

ஐந்தாம் பாரத்தின், அதாவது பத்தாம் வகுப்பின், அரைப்பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த தீர்த்தகிரி, பதினேழாவது தாளில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உனக்குப் பரிசு அனுப்பிய மாமாவுக்கு நன்றி சொல்லி ஆங்கிலத்தில் கடிதம் எழுதுக என்பது கேள்வி. அதுவரை திருத்திய பதினேழு பேருக்கும் திருச்சியில் ஒரு மாமா இருந்தார். பதினேழு பேருக்கும் அவர் வெள்ளிக் கைக்கடிகாரம் அனுப்பியிருந்தார். அந்தக் கடிகாரம் வந்து சேர்ந்த நாளில் பதினேழு பேருமே ஆனந்தக் கடலில் மூழ்கியிருந்தார்கள். மீதித் தாள்களைப் புரட்டினார். மொத்தம் முப்பத்திரண்டு கடிகாரங்கள்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மணி என்னப்பா ஆச்சு?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துவிட்டு, "பத்து இருக்குமுங்க சார்" என்றான்.

"முப்பத்திரண்டு கடிகாரம் இருக்கிற வகுப்பில் வெயிலைப் பார்த்தா மணி சொல்வது? சரி போகட்டும். உங்க எல்லாருக்கும் ஒரே மாமாவா? பாவம், அந்த மனுஷன் சொத்தே கரைஞ்சிருக்குமே!"

வகுப்பு சிரித்தது. ஆனால் அந்த மாமாவைப் படைத்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஹெட்மாஸ்டர் குமாரசாமி. இருபது வருஷமாக அவர் ஊதா மையில் எழுதி வைத்திருந்த நோட்டில் அறுபது கடிதங்களும் நாற்பது கட்டுரைகளும் இருந்தன. அதை நகலெடுத்து மனப்பாடம் செய்தவன் தேறுவான். நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகும் சாலையில் இருந்த அந்த ஜில்லா போர்டு ஹைஸ்கூலில் ஆங்கிலம் என்றால் அதுதான்.

தீர்த்தகிரி சேலம் அம்மாபேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வயது இருபத்தேழு. சென்னையில் பி.ஏ.யும் எல்.டி. ஆசிரியப் பயிற்சியும் முடித்து அந்த வருஷம்தான், 1936இல், வேலைக்கு வந்திருந்தார். குறும்பு அவருக்குக் கூடவே பிறந்தது. கோட்டும் தலைப்பாகையும் போட்டால் மறைந்துவிடும் என்று அவர் அம்மா நம்பியிருந்தாள். மறையவில்லை.

"இனிமேல் மாமா கிடையாது" என்றார். "ஒவ்வொருத்தரும் ஒரு நிஜக் கடிதம் எழுதணும். உங்களை முன்னே பின்னே தெரியாத ஆளுக்கு, இங்கிலீஷில், உங்களுக்கு நிஜமாகவே வேண்டியதைக் கேட்டு எழுதணும். தபாலில் போடுவது என் பொறுப்பு. பதில் வந்தால் பாஸ். வராவிட்டால் ஃபெயில். நோட்ஸிலிருந்து ஒரு வரி வந்தாலும் கிழித்துப் போட்டுவிடுவேன்."

"பதில் போடறதும் போடாததும் அவங்க இஷ்டமுங்களே சார்?" என்றான் கந்தன். கூலிக்காரர் வீட்டுப் பையன். எதையும் உடனே நம்பிவிட மாட்டான்.

"அதனால்தான் பதில் போடாமல் இருக்க முடியாதபடி எழுதணும்."

முதல் வாரம் வகுப்பு திணறியது. 'தங்கள் பாத கமலங்களில் பணிந்து' என்று ஆரம்பித்த பதினோரு கடிதங்கள் கிழிபட்டன. பிறகு ஒவ்வொருவருக்காகக் கைவந்தது. சேலத்தில் முகாம் போட்டிருந்த சர்க்கஸ் மானேஜருக்கு, புலிக்கு வெள்ளிக்கிழமையும் கறி போடுவீர்களா, அல்லது விரதம் இருக்குமா என்று கேட்டு எழுதினான் கந்தன். வகுப்பிலிருந்த ஒரே பெண் வசந்தாமணி. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. அவள் பம்பாயில் ஒரு சோப்புக் கம்பெனிக்கு எழுதினாள். எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும் என்று உங்கள் உறையில் அச்சடித்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீரில் நுரைக்கவில்லை. பொய் சொல்வது நீங்களா, எங்கள் கிணறா? அத்தோடு ஒரு சின்ன மருந்துப் புட்டியில் கிணற்றுத் தண்ணீரையும் அடைத்துப் பார்சலாக அனுப்பினாள்.

நாச்சிமுத்துவுக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. அவன் சின்னுசாமிக் கவுண்டரின் ஒரே மகன். நாற்பது ஏக்கர் தோட்டம். இந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கவுண்டர் முடிவு செய்து, பொங்கலுக்கு வாங்க இன்னொரு ஜோடி மாடும் பார்த்து வைத்துவிட்டார். நாச்சிமுத்துவுக்குப் பள்ளிக்கூடத்தை விட மனசில்லை. அதைச் சொல்லும் தைரியமும் இல்லை.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"கவலை ஓட்டாம இருக்கோணுமுங்க சார்."

கிணற்று மேட்டுச் சரிவில் இரண்டு மாடுகளை இறக்கியும் ஏற்றியும் தோல்சாலில் தண்ணீர் இழுப்பதைத்தான் அந்தப் பக்கத்தில் கவலை என்பார்கள். விடியற்காலையிலிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை நாச்சிமுத்துவின் வேலை அதுதான். எண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்கலாம் என்று எங்கோ பத்திரிகை விளம்பரத்தில் பார்த்திருந்தான். சென்னையிலிருந்த அந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தான். மூன்று நாள் அகராதியோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்து நீட்டினான்.

தீர்த்தகிரி வாசித்தார். 'டியர் சார், அவர் வெல் இஸ் நாட் வெல். வீ டிரா வாட்டர் பை வொரி. மை ஃபாதர் இஸ் வொரியிங் ஃப்ரம் மார்னிங். ஐ ஆம் வொரியிங் பிஃபோர் ஸ்கூல். டூ புல்ஸ் ஆர் ஆல்ஸோ வொரியிங். ப்ளீஸ் டெல் அஸ் வாட் யுவர் எஞ்சின் கேன் டூ.'

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"தப்புங்களா சார்? அகராதியில கவலைன்னா வொரின்னுதான் போட்டிருந்துதுங்க."

"தப்புதான். ஆனால் இதைத் திருத்த மாட்டேன். திருத்தினால் கெட்டுப்போகும். அப்படியே மடி."

பத்து நாளில் பதில்கள் வரத் தொடங்கின. தபால்காரர் சுப்பையன் தினமும் பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க ஆரம்பித்தார். கல்கத்தாவிலிருந்து விதைப் பட்டியல், மதுரையிலிருந்து ஆர்மோனியப் பட்டியல். புலிக்கு விரதம் கிடையாது, ஆனால் திங்கட்கிழமை வயிற்றுக்கு ஓய்வு உண்டு என்று மானேஜர் எழுதி, கந்தனுக்கு இரண்டு இலவச டிக்கெட்டும் வைத்திருந்தார். வசந்தாமணிக்கு ஒரு பெட்டி சோப்பும் மன்னிப்பும் வந்தன. கூடவே, தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோம், பொய் சொன்னது நாங்களும் அல்ல, உங்கள் கிணறும் அல்ல, எங்கள் அச்சுக்காரர்தான் என்று ஒரு குறிப்பு. அதை அவள் வகுப்பில் நான்கு தடவை வாசித்துக் காட்டினாள். ஐந்தாவது தடவை யாரும் கேட்காமலேயே வாசித்தாள்.

பதில் வராமல் இருந்தவர்களில் நாச்சிமுத்துவும் ஒருவன்.

குமாரசாமிக்கு இந்த விஷயம் எட்டியபோது அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. போர்டு பள்ளிக்கூட விலாசத்துக்குப் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கட்டுக் கட்டாகத் தபால். சுயராஜ்ய வேலையோ என்று போலீஸ் சந்தேகப்படாதா? தீர்த்தகிரியைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் தீர்த்தகிரி, இன்னும் இரண்டு மாதத்தில் பெரிய பரீட்சை. பையன்கள் புலியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார்கள்."

"புலியோடு இல்லை சார். மானேஜரோடு."

"இதுதான் உங்களிடம் எனக்குப் பிடிக்காதது" என்று குமாரசாமி ஒரு மெமோவை நீட்டினார். அனுமதியில்லாத தபால் நடவடிக்கைக்கு மூன்று நாளில் விளக்கம் எழுதித் தரவேண்டும்.

மெமோவை வாங்கிக்கொண்டு தீர்த்தகிரி வாசலைத் தாண்டவில்லை, பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மோட்டார் கார் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. நெற்றியெல்லாம் வெயிலில் சிவந்த ஒரு பருத்த வெள்ளைக்காரர் இறங்கினார்.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்தான், சொல்லாமல் வந்துவிட்டார் என்று குமாரசாமி நினைத்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஓடிப்போய், இருபது வருஷமாக மனசில் தயாராக வைத்திருந்த வரவேற்புரையைத் தொடங்கிவிட்டார். மூன்று வாக்கியம் வரையில் துரை தொப்பியைக் கையில் பிடித்தபடி மரியாதையாகக் கேட்டார். நான்காவதில் பொறுமை இழந்து குறுக்கே புகுந்து ஏதோ கேட்டார். மூக்கால் பேசுகிற, அவசர ஆங்கிலம். குமாரசாமிக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. துரை பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார்.

"கவலைப்படுகிற பையன் எங்கே என்று கேட்கிறார் சார்" என்றார் பின்னால் வந்து நின்ற தீர்த்தகிரி.

விஷயம் இதுதான். துரை எஞ்சின் கம்பெனியின் ஏஜெண்டு. நாச்சிமுத்துவின் கடிதம் சென்னை ஆபீசில் கைக்குக் கை போய், மேலதிகாரி வரைக்கும் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறது. சேலம் பக்கம் வரும்போது மாடுகள்கூடக் கவலைப்படுகிற அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூட வந்த குமாஸ்தாவுக்குச் சேலத்தில் காய்ச்சல் கண்டுவிட்டதால் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் துரை தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வகுப்பிலிருந்து நாச்சிமுத்துவைக் கூட்டிவந்தார்கள். முன் ஸீட்டில் அவன், பின்னால் தீர்த்தகிரியும், வெள்ளைக்காரரோடு பேசப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று தானாகவே ஏறிக்கொண்ட குமாரசாமியும். நாச்சிமுத்து வழி முழுக்க 'லெஃப்ட் சார்', 'ரைட் சார்' என்று கத்திக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் வழியில் எருமை நின்றபோது 'வெயிட் சார், ஷீ வில் கோ' என்றான். அது போயிற்று. தான் சொன்ன ஆங்கிலம் நடந்தேறியது அவனுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

சின்னுசாமிக் கவுண்டர் கவலையின் வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து மாட்டைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் குதித்து இறங்கினார்.

"ஏனுங்க சாமி, எம்பட பையன் என்ன பண்ணிப்போட்டான்? தொரை வரைக்கும் வந்துருச்சா?"

குமாரசாமி அவரைச் சமாதானப்படுத்திவிட்டு மொழிபெயர்ப்பாளராக முன்னே வந்தார். துரை கிணற்றின் ஆழத்தைக் கேட்டார். குமாரசாமி ஊரின் பெருமையைச் சொன்னார். கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று துரை கேட்டார். குமாரசாமி புரியாமல் கோடைகாலத்தைப் பற்றிய தம்முடைய கட்டுரையின் முதல் பத்தியை ஒப்பித்தார். துரை தொப்பியால் விசிறிக்கொண்டார்.

"நாச்சி, நீ பேசு" என்றார் தீர்த்தகிரி மெதுவாக.

"எனக்கு இலக்கணம் வராதுங்க சார்."

"கிணறு வருமில்லே? அதைப் பேசு."

நாச்சிமுத்து பேசினான். கிணற்றைக் காட்டி ஃபார்ட்டி ஃபீட் என்றான். சித்திரையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கல்லை எண்ணிக் காட்டினான். எத்தனை நடை, எத்தனை சால், எத்தனை ஏக்கர் எல்லாம் விரலாலும் பாதி வாக்கியங்களாலும் சொன்னான். துரைக்கு எல்லாம் புரிந்தது. துரை நிறுத்தி நிறுத்திப் பேசியபோது அவனுக்கும் புரிந்தது.

கவுண்டர் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துரை கிணற்றின் விளிம்பில் குனிந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"டேய், இந்த வெள்ளப் பூசணிக்கா எதுக்குடா இந்த எட்டு எட்டறான்? உள்ளார உழுந்து தொலைச்சா நானில்ல போலீஸ் கச்சேரிக்கு அலையோணும்!"

அப்பா என்ன சொல்கிறார் என்று துரை திரும்பிக் கேட்டார். நாச்சிமுத்து எச்சில் விழுங்கினான். பிறகு தெளிவாகச் சொன்னான்:

"மை ஃபாதர் இஸ் வொரியிங் அபௌட் யுவர் ஹெல்த், சார்."

துரை நெகிழ்ந்துபோய்க் கவுண்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தீர்த்தகிரி வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அதன்பிறகு ஒரு மணி நேரம் பேச்சு. கவுண்டர் எதற்கும் அசையவில்லை. எண்ணெய் நாற்றம் தண்ணியில் ஏறும், சத்தத்தில் மாடு பால் விட்டுத் தராது, எந்திரம் சாணி போடாது என்று அடுக்கினார். கடைசியில் துரை சலித்துப்போய், உன் அப்பாவைப் போன்ற பிடிவாதக் கழுதையை நான் இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்றார்.

"என்னடா சொல்றான்?"

"உங்களாட்டம் உறுதியான ஆள இந்த ஜில்லாவுலயே பாத்ததில்லீங்களாம்."

கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டார். "ஆளு வெவரமானவனாத்தான் இருக்கறான். எளநி வெட்டிக் குடு."

இளநீர் உள்ளே போனதும் பேச்சு இளகியது. கவுண்டர் எஞ்சின் படத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தன மாட்டு வேல செய்யும்னு கேளு" என்றார். ஆறு மாடு என்று பதில் வந்ததும் கிணற்றைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். கவுண்டர் மசிந்துவிட்டார் என்று தீர்த்தகிரிக்குத் தெரிந்துவிட்டது.

துரை எஞ்சினை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். தினமும் துடைக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும், ஆங்கிலத்தில் ஒரு கையேடு வரும், அதைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். நாச்சிமுத்து தலையாட்டிக் கேட்டான். கேட்டு முடித்து அப்பாவைப் பார்த்தான். காது நுனி சிவந்தது.

"இதுக்கு ஒரு பொஸ்தகம் வருமுங்களாம் அய்யா. முச்சூடும் இங்கிலீசுங்க. அதப் படிச்சு எஞ்சின ஓட்டறவன்..." நிறுத்தினான். "ஆறாம் பாரம் பாஸ் பண்ணோணுமுங்களாம். ஊட்டுல அதுக்குப் படிக்கற ஆளு இருந்தாத்தான் கம்பெனியில எஞ்சின் குடுப்பாங்களாமுங்க. அது அவங்க ரூலுங்களாம்."

தீர்த்தகிரி மறுபடியும் வேப்பமரத்தைப் பார்த்தார். துரை ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கவுண்டர் மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேராகக் குமாரசாமியிடம் திரும்பினார்.

"ஏனுங்க சாமி, நீங்க படிச்சவங்க. தொரை அப்படித்தான் சொன்னானா?"

பராமரிப்பைப் பற்றித் துரை நிதானமாகப் பேசியதால், அன்றைக்கு முதல் தடவையாகக் குமாரசாமிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருந்தது. அது நாச்சிமுத்துவுக்கும் தெரியும். அவன் தரையைப் பார்த்தான். கவலை மாடு ஒன்று தலையைக் குலுக்கியது.

குமாரசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு சித்திரையிலும் ஐந்தாம் பாரத்துப் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு எதிரே 'நின்றுவிட்டான்' என்று எழுதுவது அவர் கைதான். எழுதி எழுதி அந்த ஒரு சொல் மட்டும் அவருக்கு மிக அழகாக வந்துவிட்டிருந்தது. அவர் பாடம் சொன்னவர்களில் ஒருவனாவது வெள்ளைக்காரன் எதிரில் நின்று, அவன் ஆங்கிலத்தைக் கேட்டு, சமயம் பார்த்து இப்படி ஒரு போடு போட்டதுண்டா என்று யோசித்தார். இல்லை.

"ஆமாங்க கவுண்டரே" என்றார். "ரொம்பக் கண்டிப்பான விதி."

நாச்சிமுத்து நிமிர்ந்தான். முகம் மலர்ந்தது.

"அது மட்டுமில்லை" என்று குமாரசாமி தொடர்ந்தார். "முதல் தடவையிலேயே தேறணுமாம். இங்கிலீஷில் அறுபது மார்க்குக்குக் கீழே போனால் எஞ்சினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். பையனுக்கு அந்த இடம் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"கேட்டுக்கிட்டியாடா?" என்றார் கவுண்டர். "நாளையிலிருந்து கவலை ஓட்டறதுக்கு நா வேற ஆளப் பாத்துக்கறேன். நீ அறுவதுக்குக் கொறைஞ்சே, தோலை உரிச்சுப்போடுவேன்!"

துரை கிணற்றை அளக்கத் தோட்டத்திலேயே நின்றுவிட்டதால், குமாரசாமியும் தீர்த்தகிரியும் நடந்தே திரும்பினார்கள்.

"மெமோவுக்கு விளக்கம் வேண்டும்" என்றார் குமாரசாமி. "நடந்தது நடந்ததுதான். மெமோ மெமோதான்."

மறுநாள் காலை தீர்த்தகிரி விளக்கத்தைக் கொடுத்தார். ஊதா நோட்டின் நாற்பத்தோராம் கடிதம், மேலதிகாரியிடம் மன்னிப்புக் கோருதல், ஒரு கமாவும் மாறாமல். குமாரசாமி அதை முழுக்க வாசித்தார். ஒரு இடத்தில் எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் திருத்தி, "இரண்டு எல் வரும்" என்று சொல்லிக் கோப்பில் வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் பங்குனியில் நாச்சிமுத்து ஆறாம் பாரப் பரீட்சை எழுதி ஆங்கிலத்தில் அறுபத்துமூன்று வாங்கினான். ஆனால் விஷயம் அவனோடு நிற்கவில்லை. கவுண்டர் தோட்டத்தில் எஞ்சின் ஓடுகிற சத்தம் சுற்றுவட்டாரத்துக்கே கேட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் எஞ்சினின் பெருமையைவிட அதன் விதியைத்தான் அதிகமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அது கம்பெனி விதியிலிருந்து கலெக்டர் உத்தரவாகி, கடைசியில் சர்க்கார் சட்டமாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த நாளில் பதினான்கு தகப்பன்மார் பையன்களைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றார்கள். போன வருஷம் நின்றுபோன ஏழு பேரும் அதில் இருந்தார்கள்.

"இதெல்லாம் உங்களால் வந்தது" என்றார் குமாரசாமி. "இவர்களுக்கு உட்காரப் பலகை எங்கே?"

"விதியைச் சொன்னது நீங்கள்தானே சார்" என்றார் தீர்த்தகிரி.

வரிசையின் கடைசியில் எருமப்பட்டிக்கு அப்பாலிருந்து வந்த ஒரு குடியானவர் தயங்கித் தயங்கி நின்றார். அம்மாவின் முந்தானையைப் பிடிப்பதுபோல் அவருடைய மேல்துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பத்து வயதுப் பெண் ஒன்று.

"ஏனுங்க சாமி, எனக்குப் பசங்க இல்லீங்க. மூணும் புள்ளைங்கதான். பொட்டப்புள்ள படிச்சாலும் எஞ்சின் குடுப்பாங்களுங்களா?"

குமாரசாமி தீர்த்தகிரியைப் பார்த்தார். "விதியில் என்ன போட்டிருக்கிறது, மிஸ்டர் தீர்த்தகிரி?"

"பெண் என்றால் இரட்டிப்பு நல்லது என்று போட்டிருக்கிறது சார். எஞ்சினைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்களாம்."

"பார்த்தீர்களா, எனக்கு மறந்தே போயிற்று" என்று சொல்லிக் குமாரசாமி சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, பேனாவை மையில் தோய்த்தார். "பேர் என்னம்மா?"

"சென்னியம்மாளுங்க" என்றது அந்தப் பெண். பிறகு அப்பாவைக் கேளாமலேயே குமாரசாமியிடம் கேட்டது: "எஞ்சினை நானே ஓட்டலாமுங்களா?"